சம்மதக் கடிதம்

பெரியகுளத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் வடக்கே மலை சுவர்போல எழுந்து நிற்கும். இரவில் அதன் உச்சியில் கொடைக்கானல் விளக்குகள் தெரியும். சின்ன வயதில் நானும் தங்கையும் மாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு எது விளக்கு, எது நட்சத்திரம் என்று பந்தயம் கட்டுவோம். எங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கும் மேல். இடையில் கிடக்கும் அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டேதான் இருவரும் வளர்ந்தோம். நான் அதில் ஏறியிருக்கிறேன். தங்கை ஏறியதில்லை.

போன டிசம்பரில் அவள் மகள் வந்திருந்தாள். பதினேழு வயது. சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள். அம்மா அப்பா இல்லாமல் தனியாக ஊருக்கு வருவது அதுதான் முதல் தடவை. விமானச்சீட்டு எடுப்பதற்கு முன்பே என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மாமா, இந்தத் தடவ கோயில், கல்யாண வீடு, ஜவுளிக்கடை எதுவும் வேணாம். எங்கயாவது வெளியில கூட்டிட்டுப் போங்க. நடக்கணும், ஏறணும். கொஞ்சம் பயமா இருக்கணும்."

"எவ்வளவு பயம் வேணும்?" என்று கேட்டேன்.

யோசித்துவிட்டுச் சொன்னாள்: "திரும்பி வந்துடலாம்னு தெரியணும். ஆனா அது சுலபமா இருக்கக் கூடாது."

இதைவிடத் தெளிவாக யாரும் என்னிடம் ஒன்றைக் கேட்டதில்லை. அப்படியும் இடத்தை முடிவு செய்ய எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அந்த ஒரு மாதத்தில் நான் யோசித்தது பெரும்பாலும் அவளைப் பற்றி இல்லை.

உறவுக்காரப் பிள்ளை விருந்துக்கு வந்தால் நமக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிடுகிறது. விசேஷத்துக்கு இரவல் வாங்கிய நகையை எப்படி வைத்துக்கொள்வோம்? பெட்டியில் வைத்துப் பூட்டி, இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்து, வாங்கியபடியே திருப்பிக் கொடுத்தால்தான் மூச்சு விடுவோம். பிள்ளையையும் அப்படித்தான் வைத்துக்கொள்கிறோம். நன்றாகச் சாப்பாடு போட்டு, காரில் ஏற்றி, காரில் இறக்கி, கொண்டுவந்து விட்டபடியே விமானம் ஏற்றிவிட வேண்டும். விஷயத்தைச் சொன்னதும் என் பெரியம்மா கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "ஏண்டா, வயசுப் புள்ளயக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறேங்கிற. நாளைக்கு ஒண்ணுன்னா அவ அப்பனுக்கு யாரு பதில் சொல்றது?"

பெரியம்மாவின் கவலை பொய்யில்லை. அந்தப் பிள்ளை மேல் அவர் உயிரையே வைத்திருக்கிறார். ஆனால் அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டிப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. பிள்ளைக்கு என்ன ஆகும் என்ற பயத்தோடு, யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்ற பயமும் அதில் பாதிக்குப் பாதி கலந்திருக்கிறது. முதல் பயத்துக்கு நாம் செய்யக்கூடியவை ஏராளம். காலம் பார்க்கலாம், பாதை பார்க்கலாம், வழி தெரிந்த ஆளோடு போகலாம். இரண்டாவது பயத்துக்கு ஒரே மருந்துதான்: எங்கேயும் போகாமல் இருப்பது. பல வீடுகளில் அந்த மருந்தையே கொடுத்துப் பழக்கிவிட்டோம். பெண்பிள்ளைகளுக்கு அளவு கொஞ்சம் கூடுதல்.

எங்கள் மாவட்டத்தில் இந்தப் பயத்துக்கு ஒரு தேதியும் உண்டு. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. அன்று சாயங்காலம் நான் போடியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தேன். மலையில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. கோடையில் தீப் பிடிப்பது அந்தப் பக்கம் புதிதில்லை என்பதால் முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருட்டிய பிறகு குரங்கணிப் பாதையில் ஆம்புலன்ஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போக ஆரம்பித்தன. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் மலையேற வந்தவர்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது தீயில் சிக்கிக்கொண்டார்கள். மகளிர் தினத்தை ஒட்டி வந்த இளம்பெண்கள் பலர் அவர்களில் இருந்தார்கள். முதலில் மேலே ஓடியது ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். மறுநாள் விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் மருத்துவமனையில் நாள்கணக்கில் போராடிப் பார்த்துவிட்டுப் போனவர்கள்.

அதன்பிறகு எங்கள் பக்கத்து வீடுகளில் மலை என்ற பேச்சு எழுந்தாலே, "குரங்கணி ஞாபகம் இருக்குல்ல?" என்று கேட்டு முடித்துவிடுவார்கள். நானும் பல தடவை அப்படிக் கேட்டு முடித்திருக்கிறேன். ஆனால் ஞாபகம் இருப்பது வேறு, அதிலிருந்து தெரிந்துகொள்வது வேறு. மலைச்சரிவில் தீ கீழிருந்து மேலே ஏறும்போது அதன் அனல் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். பகலில் சரிவில் காற்றும் மேல்நோக்கியே வீசும். அதனால் சமதளத்தில் பரவுவதைவிடப் பல மடங்கு வேகமாக அது ஏறும். மேலே ஓடும் மனிதனால் அதை முந்த முடியாது. மார்ச்சில் எங்கள் மலைகளின் புல்வெளி முழுக்கச் சருகு. இறந்துபோன அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. இந்தக் காலத்தில் இந்தச் சரிவுக்குப் போகக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லித் தடுத்திருக்க வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாம். நாமோ மலைக்கே போகக் கூடாது என்ற பாடத்தை எடுத்துக்கொண்டோம்.

அரசு அந்த வருடமே மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளை முறைப்படி திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைப் பிரித்திருக்கிறார்கள். அந்தந்த மலையின் பழங்குடியினரும் ஊர் இளைஞர்களும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். குரங்கணியின் பாடம் என்றால் இதைத்தான் சொல்வேன். ஆறு வருடம் தாமதம், இருந்தாலும் சரியான பாடம்.

அவளை எங்கே கூட்டிப் போவது என்பதற்கு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மூணாறு போய் வா என்றார்கள். ஏதாவது ரிசார்ட்டில் கம்பியில் தொங்கிப் போகவிடுகிறார்களே, அங்கே கூட்டிப் போ என்றார்கள். சிங்கப்பூரின் செந்தோசா தீவில் அவள் அதில் பத்து வயதிலேயே போய் வந்துவிட்டாள். கொழுக்குமலைக்கு ஜீப்பில் போய்ச் சூரிய உதயம் பார்க்கலாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் மலைக்குக் கேரளத்துச் சூரியநெல்லி வழியாக வண்டியில் போவதே ஒரு அனுபவம்தான். ஆனால் அங்கே குலுங்குவது ஜீப். அவள் சும்மா உட்கார்ந்திருப்பாள். ராமேசுவரம் கடலையும் நினைத்தேன். தீவில் வளர்ந்தவளுக்குக் கடல் என்ன புதுசு? அவள் நாட்டின் மிக உயரமான குன்று புக்கிட் தீமா, 164 மீட்டர். எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரிவதோ அதைப்போல் பத்து மடங்குக்கு மேல்.

சதுரகிரியை ஒரு அக்கா சொன்னார். இந்த யோசனை என்னை நிறைய நேரம் பிடித்து வைத்துக்கொண்டது. அமாவாசை, பௌர்ணமிக்குச் சதுரகிரி ஏறும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். கையில் கம்பு, இடுப்பில் முடிந்த முந்தானை, வாயில் சுந்தர மகாலிங்கம். அறுபது வயதுப் பாட்டிகள் பாறை பாறையாக ஏறிப்போவார்கள். 2015இல் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் இறந்த பாதைதான் அது. இருந்தும் அவர்களை வீட்டில் யாரும் தடுப்பதில்லை. வெள்ளியங்கிரி, பர்வதமலை, சபரிமலைப் பெருவழி என்று நம் ஊரில் கால்வலியும் பயமும் கலந்த பயணங்களுக்குக் குறைவே இல்லை. எல்லாவற்றையும் சாமி பெயரில் வைத்திருக்கிறோம். வேண்டுதல் என்று சொன்னால் பாட்டியைக்கூட அனுப்பிவிடுவோம். ஆசை என்று சொன்னால் பேத்தியை வாசலிலேயே நிறுத்திவிடுவோம். எனக்குப் பக்தி உண்டு, சதுரகிரிக்கும் போயிருக்கிறேன். ஆனால் இந்தப் பிள்ளை வேண்டுதல் எதுவும் இல்லாமல், ஆசைப்பட்டேன், ஏறினேன் என்று சொல்லும்படி ஒரு மலை ஏற வேண்டும் என்று எனக்கு அடித்துக்கொண்டது.

இதற்குக் காரணம் என் தங்கை.

1992இல் எனக்குப் பத்தொன்பது வயது. நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து கும்பக்கரையிலிருந்து கிளம்பி மலையேறினோம். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. டார்ச் இல்லை. பாதி வழியில் மேகம் இறங்கிப் பாதை மறைந்து, ஒரு பாறைக்கடியில் இரவு முழுக்க நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். மறுநாள் வீட்டுக்கு வந்தபோது அப்பா ஒரு அதட்டு அதட்டிவிட்டு, சாயங்காலம் கடைத்தெருவில் "என் மவன் நடந்தே கோடைக்கானலுக்குப் போயிட்டு வந்துட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் கழித்து தங்கையின் கல்லூரியிலிருந்து ஒரு குழு, ஆசிரியைகளும் வழிகாட்டியுமாக, முறையாக அனுமதி வாங்கி அதே பாதையில் ஏறுவதற்குக் கிளம்பியது. அப்போது அவளுக்கு இவள் வயதுதான், பதினேழு. ஒரு தாளில் அப்பா கையெழுத்து வேண்டும். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு மடித்து அலமாரியில் வைத்தார். "பொம்பளப் புள்ளைக்கு என்னத்துக்கு மலை?" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

நான் அந்த அறையில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பாறைக்கடியில் நனைந்து திரும்பிய நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா கேட்டிருப்பாரோ என்னவோ. முப்பது வருடமாக அந்த ஒரு வார்த்தை என் தொண்டையில் நிற்கிறது. தங்கை அதைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை. கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனாள். மகளிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்: "நான் அந்த மலையப் பார்த்துக்கிட்டேதான் வளந்தேன். ஏறினதில்ல."

ஆக, இடம் முடிவாகிவிட்டது. எங்கள் மலைதான்.

கும்பக்கரையிலிருந்து ஏறலாமா என்று முதலில் பார்த்தேன். கும்பக்கரை எனக்குப் பிரியமான இடம். யானைக் கெசம், பாம்புக் கெசம், உரல் கெசம் என்று பாறைக்குழிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆழமான நீர்நிலைக்குக் கயம் என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. அதுதான் எங்கள் வாயில் கெசமாகியிருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன். ஆனால் டிசம்பர் வடகிழக்குப் பருவமழையின் வால். கொடைக்கானலில் மழை பெய்தால் இங்கே வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். அருவியில் குளிக்கத் தடை என்று செய்தி வராத மழைக்காலம் கிடையாது. கடைசியில் வனத்துறைப் பட்டியலில் இருக்கும் வட்டக்கானல் – வெள்ளகவிப் பாதையைத் தேர்ந்தெடுத்தேன். மேலே வட்டக்கானலில் தொடங்கி, டால்பின் மூக்குப் பாறையைக் கடந்து, சரிவில் இருக்கும் வெள்ளகவி என்ற கிராமத்துக்கு இறங்கி, திரும்பி ஏறி வர வேண்டும்.

அந்தச் சரிவுக்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள் 1845இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியபோது வத்தலக்குண்டுச் சாலை கிடையாது. துரைகளும் துரைசானிகளும் பெரியகுளத்துப் பக்கத்து அடிவாரத்திலிருந்து டோலியில் உட்கார்ந்து மேலே போனார்கள். தூக்கியவர்கள் நம் ஆட்கள். சாலை வந்தபிறகு அந்தச் சரிவை வெளியூர்க்காரர்கள் மறந்துவிட்டார்கள். சரிவில் குடியிருந்தவர்கள் இருந்தபடியே இருந்தார்கள். வண்டிப் பாதையே இல்லாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர் வெள்ளகவி. அரிசி, சிமென்ட், கேஸ் சிலிண்டர் எல்லாம் குதிரை முதுகில் போகும். விளைந்த காப்பியும் வெண்ணெய்ப்பழமும் குதிரை முதுகில் வரும். நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வருவார்கள்.

பதிவு செய்தபோது, அவளுக்குப் பதினெட்டு நிறையாததால் பெற்றோரின் சம்மதக் கடிதம் கேட்டார்கள். தங்கைக்கு அனுப்பினேன். அரைமணி நேரத்தில் கூப்பிட்டாள்.

"அண்ணே, இதுல அப்பா இல்லன்னா அம்மா கையெழுத்துன்னு இருக்கு. நானே போடலாம்ல?"

"நீதான் போடணும்."

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. பிறகு, "சரி, வைக்கிறேன்" என்றாள். பத்து நிமிடத்தில் கையெழுத்திட்ட தாளின் படம் வந்தது. கையெழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தது. மறுநாள் காலையில் பதினான்கு கேள்விகள் அனுப்பியிருந்தாள். பக்கத்தில் எந்த மருத்துவமனை, எந்த இடம் வரை செல்போன் சிக்னல், வழிகாட்டி எத்தனை பேர், மழை பெய்தால் யார் முடிவெடுப்பார்கள், காட்டுமாடு எதிரே வந்தால் என்ன செய்ய வேண்டும். எதுவும் "போக வேண்டாம்" என்ற கேள்வி இல்லை. எல்லாமே "போவதென்றால் எப்படி" என்ற கேள்வி. அப்பாவின் பயத்துக்கும் அவள் பயத்துக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நான் அந்தப் பட்டியலில் பார்த்தேன்.

பிள்ளை அம்மாவைவிட ஒரு படி மேல். வந்து இறங்கிய அன்று இரவே என்னைக் கேட்டாள்: "எத்தன மணிக்குத் திரும்பணும்னு முடிவு பண்ணிட்டீங்களா மாமா?"

"ஊரப் பார்த்துட்டுத் திரும்ப வேண்டியதுதான்."

"இல்ல மாமா. ஊரு வந்தாலும் வராட்டியும் திரும்புற மணி ஒண்ணு இருக்கணும். அது மேல போறதுக்கு முன்னாடியே முடிவாகணும். அங்க போனப்புறம் ஆசை விடாது."

சிங்கப்பூரில் பள்ளிப் பிள்ளைகளை உபின் தீவுக்கு ஐந்து நாள் முகாமுக்கு அனுப்புகிறார்கள். அங்கே கற்றுக்கொண்டதாம். 1967இல் அந்நாட்டு அமைச்சர் கோ கெங் சுவீ முன்னின்று தொடங்கிய அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி அது. அதன் மூலம் இன்னும் பழையது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்தபோது, உயிர்காப்புப் படகுகளில் இளம் மாலுமிகள் முதலில் செத்தார்கள் என்றும் அவர்களைவிட மூத்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள் என்றும் கப்பல் நிறுவனம் நடத்திய லாரன்ஸ் ஹோல்ட் கருதினார். உடல்வலு இளைஞர்களிடம்தான் அதிகம். அவர்களிடம் இல்லாதது, இதுபோல் ஒன்றை முன்பே தாண்டி வந்திருக்கிறோம் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கரையிலேயே ஊட்டுவதற்காக அவரும் கல்வியாளர் குர்ட் ஹானும் சேர்ந்து 1941இல் வேல்ஸ் கடற்கரையில் முதல் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியைத் தொடங்கினார்கள். இதை அவள் சொல்லக் கேட்டபோது நான் 1992இல் பாறைக்கடியில் கழித்த இரவை நினைத்தேன். அந்த இரவு எனக்கு ஏதோ கொடுத்தது உண்மை. பின்னாளில் தொழில் முடங்கிக் கடன்காரர்கள் வாசலில் நின்றபோது, விடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அது என் அதிர்ஷ்டத்தில் கிடைத்தது. நாங்கள் நான்கு பேரும் செத்தும் போயிருக்கலாம். அதிர்ஷ்டத்தை நம்பாமல் அதே நம்பிக்கையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியும் என்றால், கொடுக்காமல் இருப்பது நம் தப்பு.

திரும்பும் நேரம் பன்னிரண்டு மணி என்று முடிவானது.

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். எங்களோடு இன்னும் நான்கு பேர், இரண்டு வழிகாட்டிகள். அதில் ஒருவர் வெள்ளகவிப் பையன், இருபத்திரண்டு வயது இருக்கும். ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் என்று பையைத் திறந்து பார்த்த பிறகே நடக்கவிட்டார். விரல் விறைக்கும் குளிர். டால்பின் மூக்குப் பாறை பள்ளத்தாக்கை நோக்கி நாக்குப்போல நீண்டிருந்தது. புகைப்படம் எடுக்கப்போய் அங்கே தவறி விழுந்தவர்கள் உண்டு. அந்தப் பையன் பாறையின் நடுவில் போய் நின்று, இதற்கு மேல் ஒரு அடி கிடையாது என்று கையைக் குறுக்கே நீட்டிவிட்டார்.

அதன்பிறகு இறக்கம். வேர்களே படிகளாக, ஈரச் சருகு வழுக்க, ஒவ்வொரு அடிக்கும் கால் வைக்க இடம் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு இடத்தில் என் தங்கை மகள் நின்று காலுறையைச் சுருட்டினாள். கணுக்காலுக்கு மேல் அட்டை ஒன்று கறுத்துக் கொழுத்து ஒட்டியிருந்தது. கத்துவாள் என்று நினைத்தேன். குனிந்து நன்றாகப் பார்த்தாள். வழிகாட்டி மடித்து வைத்திருந்த உப்புத் துணியைக் கொடுத்தார். அட்டை சுருண்டு விழுந்தது. ரத்தம் நிற்காமல் ஒரு கோடாக இறங்கிக் காலணிக்குள் போயிற்று. "வலிக்கவே இல்ல மாமா. அதான் பயமா இருக்கு" என்றாள். துடைத்துவிட்டு நடந்தாள்.

கீழேயிருந்து மணிச்சத்தம் வந்தது. மூட்டை ஏற்றிய மூன்று குதிரைகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தன. மலைப்பக்கமாக ஒதுங்கி நிற்கும்படி வழிகாட்டி சொன்னார். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும். அடுத்து ஒரு பெண், தலையில் சாக்கு, கையில் ஒரு குழந்தை, எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஏறிப் போனாள். காலில் ரப்பர் செருப்பு. தங்கை மகள் அவள் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். தன் காலணியைக் குனிந்து ஒரு தடவை பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வெள்ளகவிக்குள் செருப்புப் போடக் கூடாது. வீடுகளுக்கு நடுவே கோயில்கள் இருப்பதால் ஊரையே கோயிலாக வைத்திருக்கிறார்கள். எல்லையில் காலணிகளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டோம். கல் குத்திய ஒவ்வொரு அடிக்கும் அவள் தோள் குலுங்கியது. ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி எங்களை உட்காரவைத்து வரக்காப்பி கொடுத்தார். அந்தக் கொல்லையில் விளைந்த காப்பி.

"ஏறி வந்தியா தாயி, எறங்கி வந்தியா?" என்று கேட்டார்.

"எறங்கி வந்தோம் பாட்டி."

"அப்ப இனிமேதான் இருக்கு."

மற்ற மலைகளில் தெம்பாக இருக்கும்போது ஏறுகிறோம், களைத்தபிறகு இறங்குகிறோம். களைப்பை மலையே பாதி சுமந்துகொள்ளும். இங்கே நேர்மாறு. இறங்கும்போது கால் தானாகப் போகிறது. ஒவ்வொரு அடியும் கடன் என்பது தெரிவதில்லை. கடனைக் களைத்துப்போன கால்களால் அடைக்க வேண்டும். பத்தரைக்கே ஊரைப் பார்த்து முடித்துவிட்டோம். கூட வந்தவர்களில் ஒருவர் இன்னும் கொஞ்ச தூரம் கீழே போகலாமா என்று கேட்டார். தங்கை மகள் மணியைப் பார்க்கவில்லை. தன் காலைத் தொட்டுப் பார்த்தாள். "வேணாம்" என்றாள்.

திரும்பி ஏறும்போது ஒரு மணிக்கெல்லாம் மூடுபனி வந்துவிட்டது. அவள் தொடைகள் நடுங்குவது துணிக்கு மேலேயே தெரிந்தது. ஒரு திருப்பத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகம் சிவந்து கண்ணில் நீர் கட்டியிருந்தது. என் கை அவள் பையை நோக்கிப் போயிற்று. "குடு, நான் தூக்கிக்கிறேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். வழிகாட்டி என்னைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தார், வேண்டாம் என்று. கையை இழுத்துக்கொள்வது எனக்கு அந்த நாளில் ஏறியதிலேயே கடினமான ஏற்றம். அவள் தண்ணீர் குடித்தாள். கடலைமிட்டாயைக் கடித்தாள். ஐந்து நிமிடம் கழித்து எழுந்தாள். "நூறு அடி. அப்புறம் நின்னுக்கலாம்" என்றாள், யாரிடம் என்றில்லாமல். நூறு நூறாக எண்ணிக்கொண்டே ஏறினாள். எண்ணுவது சில நேரம் தமிழிலும் சில நேரம் ஆங்கிலத்திலும் கேட்டது.

டால்பின் மூக்குக்குக் கொஞ்சம் கீழே பனி ஒரு நிமிடம் விலகியது. ரொம்ப ஆழத்தில் சமவெளி வெயிலில் கிடந்தது. வயல், தென்னை, ஒரு கண்மாயின் பளபளப்பு. "அதோ அதுதான் நம்ம ஊரு" என்றேன். அவள் எங்கள் வீட்டைத் தேடினாள். தெரியாது என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. படம் எடுத்தாள். வட்டக்கானலில் சிக்னல் கிடைத்ததும் அம்மாவுக்கு அனுப்பினாள். பதில் உடனே வந்தது. பத்திரமாக வந்தாயா என்று அதில் இல்லை.

"அங்கருந்து நம்ம மாடி தெரியுதா?"

பிள்ளை போனை என்னிடம் நீட்டினாள். அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்று இரவு மொட்டைமாடியில் நின்று தங்கையைக் கூப்பிட்டேன். 1994இல் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். "விடுண்ணே, அதெல்லாம் எப்பவோ நடந்தது" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

வீட்டுக்கு வெளியூரிலிருந்து பிள்ளை வரப்போகிறது, எங்கே கூட்டிப் போவது என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு இப்போது ஒன்று சொல்கிறேன். முதலில் பிள்ளையைக் கேளுங்கள். எவ்வளவு பயம் வேண்டும் என்று கேளுங்கள். பிறகு உங்கள் பயத்தை எடுத்து ஒரு தாளில் கேள்விகளாக எழுதுங்கள், என் தங்கை எழுதியதுபோல. பதில் கிடைக்கும் கேள்விகள் மட்டுமே இருந்தால் கிளம்புங்கள். பதில் கிடைக்காத ஒன்று இருந்தால் வேறு இடம் பாருங்கள். பெண்பிள்ளைக்கு ஒரு தாள், ஆண்பிள்ளைக்கு ஒரு தாள் என்று மட்டும் எழுதாதீர்கள்.

இந்த டிசம்பரில் தங்கை வருகிறாள். நாற்பத்தெட்டு வயது, இடது முழங்கால் கொஞ்சம் தொந்தரவு. அவர்கள் வீடு பதினாறாவது மாடியில். இரண்டு மாதமாக வாரத்துக்கு நான்கு நாள் லிஃப்டில் போகாமல் படியில் பழகுகிறாளாம். முதலில் பதினாறு மாடி இறங்குகிறாள். கீழே ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு ஏறுகிறாள்.